வலி உடம்பில், காரணம் வேலையில்



கல்குடாப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வீட்டுத் தரிசிப்புக்காகச் சென்றிருந்தேன். நான் சந்தித்த அக்கா யுத்தத்தில் கணவனை இழந்தவர். மூன்று பிள்ளைகளையும் தனியே வளர்த்தவர். பாசிக்குடாவில் உள்ள உல்லாச விடுதி ஒன்றில் ஆறு வருடங்களாக அறைகளைத் துப்புரவு செய்கிறார். அன்று அவருக்கு லீவு நாள். ஆனால் கதிரையிலிருந்து எழும்புவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"முதுகு வலியா அக்கா?" என்று கேட்டேன்.

"அது ஒண்டுமில்ல தங்கச்சி. ஷெல் பட்ட உடம்புதானே, வயசும் போகுது" என்றார்.

பின்னேரம் அதே விடுதியில் வேலை செய்யும் இன்னும் மூன்று பெண்கள் அங்கே வந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு 24 வயது. ஷெல் படாத உடம்பு, வயதும் போகவில்லை. ஆனால் அவருக்கும் அதே இடத்தில் வலி. நால்வரும் கதைக்கக் கதைக்க, நால்வருக்கும் கீழ்முதுகும் வலது தோளும் நோவது தெரிய வந்தது. ஒவ்வொருவரும் அதுவரை தன் உடம்பில்தான் குறை என்று நினைத்திருந்தார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது சி. ரைட் மில்ஸ் என்ற அறிஞர் 1959இல் எழுதிய ஒரு கருத்தைப் படித்தேன். ஒருவருக்கு வருவது அவருடைய சொந்தக் கஷ்டமாக இருக்கலாம்; அதே கஷ்டம் பலருக்கு வந்தால் அதன் காரணத்தை வெளியே தேட வேண்டும் என்பது அதன் சாரம். ஒரே வேலை செய்யும் நான்கு பெண்களுக்கு ஒரே இடத்தில் நோகிறது என்றால், நாம் பார்க்க வேண்டியது அந்த வேலையைத்தான்.

அந்த வேலையைப் பாருங்கள். அக்காவுக்கு ஒரு நாளைக்கு 14 அறைகள். ஒரு மெத்தைக்கு நான்கு மூலைகள். விரிப்பைச் செருகுவதற்காக மட்டும் அவர் குனிந்து மெத்தையைத் தூக்குவது குறைந்தது 56 தடவை. அதன் பிறகு குளியலறைச் சுவர் தேய்த்தல், ஈரத் துவாய் மூட்டை இழுத்தல். பழைய காயமும் ஷெல் துண்டும் உள்ள உடம்புக்கு இது இரட்டைச் சுமை.

இன்னொன்றையும் அவர்கள் மெதுவான குரலில் சொன்னார்கள். விருந்தினரின் மலசலகூடத்தை அவர்கள் பாவிக்கக் கூடாது. ஊழியருக்குரியது கட்டடத்தின் பின்புறம் தூரத்தில் இருக்கிறது. போய்வந்தால் அறைக்கணக்கு முடியாது. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. நாள் முழுவதும் மலசலகூடம் கழுவும் பெண்ணுக்குத் தான் போவதற்கு ஒன்றில்லை! தண்ணீரைக் குறைத்துச் சிறுநீரை அடக்கினால் சிறுநீர்த் தொற்று வரும். நால்வரில் இருவருக்கு அது அடிக்கடி வருகிறது.

விடுதிக் குசினியில் நிற்பவர்களுக்கு அடுப்பு வெக்கை, கொதியெண்ணெய், வழுக்கும் ஈரநிலம். பரிமாறுபவர்களுக்கு நெடுநேரம் நிற்பதால் காலில் நரம்பு புடைக்கிறது. சலவைப் பகுதியில் கைத்தோல் வெடிக்கிறது. எல்லாருக்கும் பொதுவானது ஏச்சும் பேச்சும். அந்தப் பயத்தில் நித்திரை குறைந்தால் உடம்பு தேறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

இது எங்கள் ஊரில் மட்டும் உள்ள கதை அல்ல. அமெரிக்காவில் 50 ஹோட்டல்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வொன்று, விடுதி ஊழியர்களில் அதிகம் காயப்படுவது அறை துப்புரவு செய்பவர்களே என்று காட்டியது. ஆண்டுக்கு நூறு பேரில் சுமார் எட்டுப் பேர் என்ற அளவில் காயங்கள் பதிவாகியிருந்தன. அங்கு தொழிலாளர்கள் சங்கமாக நின்று கேட்டதால், 2018இல் கலிபோர்னியா மாநிலம் இதற்கென்றே ஒரு விதியைக் கொண்டுவந்தது. வேலையில் உள்ள ஆபத்துகளை அந்த ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டு கண்டறிந்து, நீண்ட பிடியுள்ள கருவிகள் போன்ற பொருத்தமான சாதனங்களைக் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்கிறது அது.

எங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. மேலதிக வேலைக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். வேலையில் விபத்து நேர்ந்தால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கலாம். 2022இல் செய்த திருத்தத்தின் பின் வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் இதில் அடங்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். தற்காலிக வேலையென்றாலும் இவை உங்களுக்கு உரியவை. இவை ஒழுங்காக நடக்காவிட்டால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம்.

ஆனால் மெல்ல மெல்ல வரும் முதுகு வலியை வேலையால் வந்தது என்று நிரூபிப்பது இலகுவல்ல. ஆகவே சில பழக்கங்கள் நமக்குத் தேவை.

வைத்தியசாலைக்குப் போனால் "முதுகு நோகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன வேலை, எத்தனை அறை, எத்தனை தடவை தூக்குகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பழைய காயத்தையும் மறைக்காதீர்கள். துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

ஒரு சிறிய கொப்பியில் திகதி, வேலை நேரம், அறைகளின் எண்ணிக்கை, எங்கே நோகிறது என்று எழுதி வாருங்கள்.

தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடியுங்கள். முடிந்தவரை இருவராகத் தூக்குங்கள்.

பிளீச்சையும் மலசலகூடம் கழுவும் அமிலத் திரவத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நெஞ்சையும் கண்ணையும் பாதிக்கும். யன்னலைத் திறந்து, கையுறை போட்டு வேலை செய்யுங்கள்.

"வாய் திறந்தால் வேலை போயிடும், கிழமைக் கடனை ஆர் கட்டுறது?" என்று அந்த அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. வேலையை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் தனியாகக் கேட்டால் அது முறைப்பாடு. நால்வர் சேர்ந்து கொப்பியுடன் கேட்டால் முகாமையாளர் கொஞ்சம் யோசிப்பார்.

அவர்கள் இரண்டு விடயங்கள் கேட்டார்கள். பெரிய கட்டில்களை இருவர் சேர்ந்து விரிக்க விட வேண்டும். மலசலகூடம் போவதற்குக் காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை நேரம் தர வேண்டும். முதலாவதற்குச் சம்மதம் கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு "பார்ப்போம்" என்று பதில் வந்திருக்கிறது. அவர்கள் மீண்டும் கேட்க இருக்கிறார்கள்.

சகோதரிகளே, யுத்தம் எங்கள் உடம்பில் விட்டுச் சென்றவை போதும். உழைப்பும் அதே உடம்பைச் சிதைக்க நாம் விடக்கூடாது. இன்று வேலை முடிந்து வரும்போது பக்கத்தில் வரும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள்: "உங்களுக்கும் இஞ்சதான் நோகுதா?"

அடுத்த மாதம் சந்திப்போம்.