போட்டி போதும், அறையைத் திறந்துவிடுங்கள்

சென்னையில் சிறுவர் ஓவியப் போட்டி எங்குமே நடக்காத மாதம் ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம். மழைநீர் சேமிப்பு, போக்குவரத்து விதி, போதை ஒழிப்பு, தூய்மை நகரம் என்று தலைப்பு மட்டும் மாறும். ஒரு மணி நேரம், ஆளுக்கொரு சார்ட், சுற்றிலும் நின்று கண்ணாலேயே வண்ணம் தீட்டும் பெற்றோர், மேடையில் பிரமுகர், வந்தவர்களுக்கெல்லாம் சான்றிதழ், கடைசியில் குழுப் படம். மறுநாள் அதே பிள்ளைக்கு வரையத் தோன்றினால் எங்கே போவது என்று கேட்டால் நடத்தியவர்களிடம் பதில் இல்லை. இந்தப் போட்டிகளை மாநகராட்சி நிறுத்திவிட்டு, வார்டுக்கு ஓர் அறை என்று சிறுவர் கலைக்கூடங்களைத் தொடங்க வேண்டும். விழா நடத்திப் பழகியவர்களுக்கு இது கசக்கத்தான் செய்யும்.

முதல் தேவை இடம். ஆற்றோரங்களிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்களை 2000-ஆம் ஆண்டு முதல் குடியேற்றிய கண்ணகி நகரில், பழைய குடியிருப்புகள் 200 சதுர அடியைக்கூடத் தொடாதவை. அடுப்பும் பீரோவும் தண்ணீர்க் குடங்களும் போக மிஞ்சுகிற தரையில் ஒரு சார்ட்டை விரித்தால், வீட்டார் அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். காயும்வரை வைக்க இடம் கிடையாது. இதே கண்ணகி நகரின் வெளிச்சுவர்களில் 2020-இல் பல ஊர்களிலிருந்து ஓவியர்கள் வந்து மாடி உயரத்துக்குப் படங்கள் தீட்டினார்கள். நகரின் முதல் கலை வட்டாரம் என்ற பெயரும் கிடைத்தது. அவற்றில் சில உண்மையிலேயே அழகானவை. அவற்றோடு நமக்குச் சண்டை இல்லை. ஆனால் சுவருக்கு வண்ணம் கொடுக்கப் புரவலர் கிடைக்கிற மாதிரி, அந்தச் சுவருக்கு உள்ளே வருடம் முழுக்கத் திறந்திருக்கும் ஓர் அறைக்குக் கிடைப்பதில்லை. சுவரைப் படம் பிடித்துப் போடலாம். அறைக்குள் நடப்பது பெரும்பாலும் பார்க்க ஒன்றுமில்லாத வேலை: பிரஷ் கழுவுவது, காகிதம் வெட்டுவது, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே பச்சை வண்ண டப்பாவுக்காக நடக்கும் சண்டையைத் தீர்ப்பது.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகள் குரலிசை, பரதம், ஓவியம் எல்லாம் கற்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில், வார விடுமுறையில் நடக்கும் வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக ஒரு பெரியவர் அரைநாளை ஒதுக்க வேண்டும். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை. வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவின் ஞாயிற்றுக்கிழமையோ இலவசமாகக் கிடைப்பதில்லை. இன்னொரு பக்கம், உள்ளாட்சிகள் அறிவுசார் மையங்களைக் கட்டுகின்றன. கொளத்தூரில் 2024 நவம்பரில் முதல்வர் படைப்பகம் திறக்கப்பட்டது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞருக்கும், மடிக்கணினியோடு வேலை செய்பவருக்கும் வீட்டுக்கு வெளியே ஓர் இருக்கை தேவை என்பது அரசுக்குப் புரிந்திருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் அது தேவை என்பது மட்டும் ஏனோ புரியவில்லை.

புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம். சமுதாயக் கூடத்தைக் கொடுத்துவிடலாமே என்று உடனே சொல்வார்கள், அது சரிவராது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்று முகூர்த்த நாளெல்லாம் அது வாடகைக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்து படங்களைக் கழற்றி மூட்டை கட்ட முடியாது. ஏற்ற இடம் மாநகராட்சிப் பள்ளிதான். மாலை நாலரைக்கு மேல் பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகளில் ஒன்று போதும். அதைத் திறக்க விடாமல் தடுப்பது பெரும்பாலும் அச்சம். ஸ்மார்ட் போர்டில் கீறல் விழுந்தால், டியூப்லைட் உடைந்தால், ஒரு பிள்ளை படியில் தவறி விழுந்தால் தலைமையாசிரியர்தான் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். அவர் சாவியைக் கொடுக்கத் தயங்குவதில் தவறே இல்லை. ஆகவே மாலை நேரப் பொறுப்பு பள்ளியைச் சேர்ந்ததல்ல, மண்டல அலுவலகத்தைச் சேர்ந்தது என்று ஆணையர் எழுத்தில் தர வேண்டும். காவலாளிக்குக் கூடுதல் நேரத்துக்கான சம்பளமும் அதே ஆணையில் வர வேண்டும்.

யார் நடத்துவது? தொண்டர்கள் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. தன்னார்வலர்களை வைத்து 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், மொட்டை மாடியிலும் கோயில் மண்டபத்திலும்கூட மாலையில் பிள்ளைகளைத் திரட்ட முடியும் என்று காட்டியது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் அதைச் செய்துகாட்டிய பெண்களைப் பாராட்டலாம்; அந்தத் தொகையை இன்னொரு முறை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் சம்பளத்தில் அரசு எடுத்தது. அவர்கள் பணி நிரந்தரம் கேட்டு ஆட்சிகளைத் தாண்டிப் போராடி வருகிறார்கள். கலை சொல்லித் தருபவரை அரைகுறை ஊழியராகவே வைத்திருக்கும் பழக்கம் வார்டு அறைகளுக்கும் தொற்றினால், ஆறே மாதத்தில் அவை பூட்டப்படும்.

ஊருக்குள்ளேயே ஆட்கள் இருக்கிறார்கள். ஃபிளெக்ஸ் வந்து வேலையைப் பறித்துக்கொண்ட பேனர் ஓவியர்களும் போர்டு எழுதுபவர்களும் இந்த நகரில் கொஞ்சமில்லை. நாற்பதடி உயரத்தில் கட்டம் போட்டு முகம் வரைந்தவருக்குப் பத்து வயதுப் பையனின் கையைப் பழக்கத் தெரியாதா? கொசப்பேட்டையில் கொலு பொம்மை செய்பவர்கள், பறை வாசிப்பவர்கள், கானா கட்டிப் பாடுபவர்கள் எல்லோரையும் சுழற்சி முறையில் அழைக்கலாம். பட்டச் சான்றிதழ் கேட்டால் இவர்களில் பெரும்பாலோர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். கேட்க வேண்டியது காவல்துறைச் சரிபார்ப்பு. எந்த நேரமும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். கதவு திறந்தே இருக்க வேண்டும். போக்சோ சட்டம் பற்றிய பயிற்சி எல்லோருக்கும் கட்டாயம். இதில் சலுகையே கூடாது. நல்ல மனிதர், நமக்குத் தெரிந்தவர் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

அறைக்குள் என்ன நடக்க வேண்டும் என்று நாற்பது பக்கப் பாடத்திட்டம் எழுத யாரும் உட்கார்ந்துவிட வேண்டாம். போட்டி ஓவியங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, குடிசை, தென்னை மரம். எண்ணூர்ப் பிள்ளை தினமும் பார்க்கிற புகைபோக்கியும் காசிமேட்டுப் பிள்ளையின் விசைப்படகும் அதில் வராது. பரிசு எதற்குக் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், அதை வரைந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பரிசு இல்லை, கால அளவு இல்லை என்றானால், நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரலாம். அதற்குப் பாதி முடிந்த வேலைகளை வைக்க ஓர் அலமாரி வேண்டும். நம்மைக் கேட்டால், அந்த அறையின் முக்கியமான மரச்சாமான் அதுதான். தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் சிறுமியைத் திருப்பி அனுப்பாமலிருக்க வேண்டும். குழந்தைக்கு ஒரு பாயும் கொஞ்சம் களிமண்ணும் போதும். தண்ணீர் லாரி வருகிற நேரத்தில் அவள் எழுந்து போய்விட்டு வரலாம் என்பதும் விதியாக இருக்கட்டும். வயதுக்கு வந்ததும் பெண் பிள்ளைகள் நின்றுவிடுவதைத் தடுக்க, தாழ்ப்பாள் உள்ள நல்ல கழிப்பறையும் இருட்டுவதற்குள் முடியும் நேரமும் அறிவுரைகளைவிட அதிகம் உதவும்.

படிப்பு கெட்டுவிடும் என்பார்கள். படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்று கேட்கும் பெற்றோரைக் கேலி செய்யும் உரிமை நமக்கில்லை. அவர்கள் கணக்கு வேறு. ஆனால் அரசு அப்படிக் கேட்க முடியாது. ஓய்வும் விளையாட்டும் கலையும் குழந்தையின் உரிமை என்று சொல்லும் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவை இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்டது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டமும், ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அபார்ட்மென்டிலேயே டிராயிங் கிளாஸ் நடக்கிறது. அங்கே யாரும் படிப்பு கெடும் என்று கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

பணம்? நடத்துபவருக்கு 15,000, பொருட்களுக்கு 5,000 என்று வைத்தால் மாதம் 20,000 ரூபாய். வருடத்துக்கு 2.4 லட்சம். 200 வார்டுகளுக்கும் சேர்த்து 4.8 கோடி. காவலாளிக்கும் மின்சாரத்துக்கும் அதற்கு மேல் கொஞ்சம் ஆகும். நாலாயிரம் கோடியைத் தாண்டிய மாநகராட்சி பட்ஜெட்டில் இது சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரேயடியாக 200 அறைகளைத் திறக்கத் தயக்கம் என்றால் மண்டலத்துக்கு ஒரு பள்ளியில் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். திறப்பு விழா இல்லாமல் தொடங்கினால் இன்னும் நல்லது. பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி ஒன்றை மட்டும் நேரில் போய்ப் பார்க்கட்டும்: அறைக்குப் பக்கத்தில் குழாயும் தொட்டியும் இருக்கின்றனவா? இல்லையென்றால் வண்ணத் தண்ணீரைக் கொட்ட வழியில்லாமல் இரண்டாம் மாதமே பிரஷ்கள் பெட்டிக்குள் போய், கிரேயான் மட்டும் மிஞ்சும்.