தொண்டையின் காவல்

பல் செட்டுக்கு அச்சு எடுக்கப் போன எங்கள் அத்தை, வாயில் தட்டை வைத்ததுமே ஓங்கரித்து, எழுந்து வந்துவிட்டாள். வீடே சிரித்தது. ஆறு மாதம் கஞ்சிதான் ஆகாரம்.

பயந்தாங்கொள்ளித்தனமல்ல அது, மூச்சுக் குழாய் அடைபடாமல் தொண்டை செய்யும் காவல். சீன வைத்தியத்தில் இதற்கு 'நெய்குவான்' என்று ஓரிடம் உண்டு: மணிக்கட்டின் உள்பக்க ரேகைக்கு மூன்று விரல் அகலம் மேலே, இரு தசைநார்களுக்கு நடுவே. சில பல் வைத்தியர்கள் அங்கே ஊசி குத்திவிட்டு அச்சு எடுக்கிறார்கள். கோக்ரேன் ஆராய்ச்சிக் குழு 2019-ல் அலசிப் பார்த்து, ஆதாரம் போதாது என்றது. ஆயினும் விரலால் அழுத்திப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

நாற்காலியில் உட்காருமுன்பே வைத்தியரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், சகோதரிகளே! மறுமுறை அத்தை சொன்னாள். வைத்தியர் நிதானமாக அச்சு எடுத்தார். இன்று முறுக்கே கடிக்கிறாள்!