பீரோவுக்குள் ஒரு யானை



ஜூன் வந்தாயிற்று. செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன் பக்கம் காலையில் போனால் புதுப் பையும் புதுச் சீருடையுமாகப் பிள்ளைகள் போகிற அழகைப் பார்க்கலாம். இந்த மாதத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனிப் பெருமையும் உண்டு. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தது இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான். கொரோனாவால் ஒன்றரை வருடத்துக்கு மேல் பள்ளி வாசலையே மிதிக்காத பிள்ளைகளை மனத்தில் வைத்துக் கொண்டுவந்த திட்டம் அது. எட்டு வயதுக்குள் ஒரு குழந்தை பொருள் புரிந்து படிக்க வேண்டும், எழுத வேண்டும், கணக்குப் போட வேண்டும். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, ஆட்டமும் பாட்டும் கதையுமாக வகுப்பு நடக்கிறது.

நல்லதுதான். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை எல்லாம் புத்தகத்தைத் தேடி வந்துவிடுவதில்லையே! அந்த ஆசையை மூட்டுவது பெரும்பாலும் படக்கதைப் புத்தகம்தான். அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசலாம் என்றிருக்கிறேன்.

பாடப் புத்தகத்தில் ‘யானை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு யானை நிற்கும். சொல்லைக் காட்டிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த ‘கஜபதி குலபதி’யில் வருகிற யானை அப்படியில்லை. அதற்குச் சளி பிடிக்கிறது. அவ்வளவு பெரிய யானைக்குத் தும்மல் வந்தால் என்னவாகும்? பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால் ஆசிரியை ஒரு நொடி நிறுத்தினால் போதும், வகுப்பே மூக்கை உறிஞ்சிக்கொண்டு தயாராகிவிடும். தும்மல் வெடிக்கிற இடத்தில் முப்பது பிள்ளைகளும் சேர்ந்து தும்முவார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று அறிவதற்காகத் தாளைப் புரட்டுகிற அந்த ஆவலை எந்த எழுத்து அட்டையாலும் தர முடியாது. முடிந்ததும் “டீச்சர், இன்னொரு வாட்டி!” என்பார்கள். மறுநாளும் அதே கதைதான் வேண்டும் என்பார்கள். நமக்கு அலுத்துப்போகும், அவர்களுக்கு அலுக்காது. நாலாவது வாட்டி படிக்கும்போது, நம் கண்ணில் படாமலே போன ஏதோ ஒரு மூலையைத் தொட்டுக் காட்டி ஒருவன் கேள்வி கேட்பான். பாருங்கள், அவன் எழுத்தே தெரியாமல் படிக்கத் தொடங்கிவிட்டான்.

நம் பகுதிக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் காக்களூர் தொழிற்பேட்டைக்கும் ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள். செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டுப் பேச்சே தெலுங்குதான். இருளர் குடும்பத்துப் பிள்ளைகளும் அதே வகுப்பில் உட்காருகிறார்கள். கரும்பலகையில் ‘அ’ எழுதினால் இவர்களில் சிலர் பேசாமல் இருந்துவிடுவார்கள். படத்தை விரித்துக் காட்டினால் அப்படி இருக்க முடியாது. யானையைப் பார்த்ததும் ஆளுக்கொரு மொழியில் பேர் சொல்வார்கள், தும்மும்போது எல்லோருக்கும் சேர்ந்தே சிரிப்பு வரும். தமிழ் தெரியாத பிள்ளைக்கு முதல் நாளே வகுப்பில் வாய் திறக்க ஒரு காரணம் கிடைக்கிறது. தமிழ் அதற்குப் பின்னால் தானாக வரும்.

புத்தகத்துக்கு இப்போது பஞ்சமும் இல்லை. நாற்பதைத் தாண்டிய வாசகர்களுக்கு மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் படக்கதைகள் நினைவிருக்கும். வழவழ தாள், பளிச்சென்ற வண்ணம், விலையோ கொள்ளை மலிவு. சோவியத் ஒன்றியம் உடைந்ததும் அந்த வரத்து நின்றுபோனது. அந்த இடத்தை நம்மவர்களே நிரப்பியிருக்கிறார்கள். சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா, தமிழையும் சேர்த்து ஒன்பது மொழிகளில் படப் புத்தகம் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், அச்சும் எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நாலு படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்களை இறக்கியிருக்கிறது. நாலாம், ஐந்தாம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’ இதழ் வருகிறது.

பிறகு எங்கே இடிக்கிறது? பீரோவில்தான்.

பல பள்ளிகளில் கதைப் புத்தகங்கள் தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள் அட்டை மடங்காமல், மூலை நசுங்காமல் புத்தம் புதிதாக இருக்கின்றன. ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்ட புத்தகம் அது. தணிக்கைக்கு வருபவர் எண்ணிப் பார்த்து ஒன்று குறைந்தால் யார் பதில் சொல்வது? கிழிந்ததைக் கழிவில் எழுதுவது அதைவிடப் பெரிய வேலை. ஆகவே சாவி பத்திரமாக இருக்கிறது, கஜபதி உள்ளேயே தும்மிக்கொண்டிருக்கிறான். ஒரு கட்டத்தில் ‘புத்தகப் பூங்கொத்து’ என்ற பெயரில் வகுப்பறையில் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டார்கள். கை எட்டும் உயரத்தில் கயிறு, குழந்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அலமாரிகூடத் தேவைப்படாத எளிய ஏற்பாடு அது. அதை மறுபடி கட்டுங்கள் என்றுதான் கேட்பேன். படக்கதைப் புத்தகங்கள் இத்தனை மாதத்தில் கிழிந்தே தீரும் என்று துறையே ஒரு சுற்றறிக்கை போட்டுவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

வீட்டுக்கும் கொடுத்தனுப்பலாம். அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட் என்றிருக்கிற வீட்டில் சாயங்காலம் பிள்ளையோடு இருப்பது பாட்டிதான். பாட்டிக்குப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, படம் தெரியுமே! பேரன் படத்தைக் காட்டிக் கதை சொல்வான், நடுவில் பாட்டி தன் கதையையும் சேர்ப்பாள்.

ஆசிரியர்களிடம் சின்னதாக இன்னொரு வேண்டுகோள். கதை முடிந்த உடனே “இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?” என்று கேட்காதீர்கள். யானை தும்மியது, சிரித்தார்கள், அவ்வளவுதான். அங்கே கேள்வித்தாள் நுழைந்தால் நாளைக்குக் கதை நேரத்திலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

சரி, உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ அதிகம் கிழிந்து, அதிகம் ஒட்டுப்போட்ட படப் புத்தகம் எது? அதன் பெயரையும், எந்தப் பக்கம் முதலில் கிழிந்தது என்பதையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். ஆகஸ்ட் இதழில் அந்தப் பட்டியலை வெளியிடுகிறோம். புத்தகம் வாங்கப் போகிற பள்ளிகளுக்கு உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்