செத்தது யார் நாக்கு?

"அவிநாசியா? உங்க ஊர்ச் சாப்பாட்டுல காரமே இருக்காதே, நாக்கு செத்துப்போச்சா?" பதினைந்து வருட ஐடி வாழ்க்கையில் இதை எத்தனை கேன்டீனில் கேட்டிருப்பேன்!

செத்தது யார் நாக்குங்க? அறுசுவையில் கார்ப்பு உண்டு. நாக்கின் சுவைமொட்டில் அதற்கு இடமில்லை. 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் நரம்பு ஏற்பியை மிளகாயின் கேப்சைசினும் திறக்கிறது. 1997-இல் இந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. தினமும் சீண்டினால் அந்த நரம்பு மரத்துப்போகும். 'எனக்கு இதெல்லாம் காரமே இல்ல' என்று மார்தட்டுவது, காது மந்தமானவன் 'எனக்கு வெடிச்சத்தமே கேக்காது' என்று பெருமையடிப்பது மாதிரி.

தமிழன் பரம்பரைக் காரம் என்பார்கள். போர்த்துகீசியர் வருமுன் இங்கே மிளகாயே கிடையாது, மிளகுதான்.

எங்கள் அரிசி பருப்புச் சோற்றில் சின்ன வெங்காயம், சீரகம், பூண்டு தனித்தனியாகத் தெரியும். பள்ளிபாளையம் சிக்கனில் வரமிளகாய் கைநிறைய விழும், ஆனால் விதையை உதறிவிட்டு. தேங்காய்ப்பல்லும் கூட இருக்கும். காரம் அங்கே கோழியை மூடாது.

இப்போது 'கொங்கு விருந்து' என்று பலகை மாட்டிய கடையிலேயே எல்லாக் குழம்பும் ஒரே சிவப்பு. கேட்டால், "கஸ்டமர் காரந்தானுங்ணா கேக்கறாங்க" என்கிறார்கள்.