கூடிக் கலைந்த பின் எஞ்சுவது எது?

ஓர் இனத்தின் அடையாளம் எதில் தங்கியிருக்கிறது? நிலத்திலா, குருதியிலா, மொழியிலா? அறிஞர் பலர் ஆய்ந்த இவ்வினாவுக்கு, கனடாவின் கிழக்குக் கரையில் வாழும் அகேடியர் என்னும் பிரெஞ்சு மொழிச் சிறுபான்மையினரின் வரலாறு தக்க விளக்கமாய் அமைகின்றது.

1604-ஆம் ஆண்டு முதல் பிரான்சிலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் இவர்கள். ஃபண்டி விரிகுடாவின் ஓதத்தைத் தடுக்கக் கரை எழுப்பினர். மழைநீர் வெளியேறவும் கடல்நீர் உட்புகாதிருக்கவும் மரக்கதவு பொருத்திய மதகுகளை அமைத்தனர். உவர்ச் சதுப்பு விளைநிலமாயிற்று. 1713-இல் அந்நிலத்தின் பெரும்பகுதி ஆங்கிலேயர் வசமாயிற்று. நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தனர் என்று காரணங்காட்டி, 1755-இல் அவர்களை நாடுகடத்தத் தொடங்கினர் ஆட்சியாளர். கிராண்ட்-பிரே என்னும் ஊரில் ஆடவரைத் தேவாலயத்துள் கூட்டி ஆணையைப் படித்தனர். வீடுகள் தீக்கிரையாயின, குடும்பங்கள் சிதறின. சில ஆண்டுகளுக்குள் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அகற்றப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் நோயாலும் கப்பற்சேதத்தாலும் மாண்டனர்.

நிலம் இழந்தோர் தம்மை மீண்டும் ஓரினமாக உணர்ந்ததில் கூட்டங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1881-இல் மெம்ராம்குக் நகரில் கூடி, ஆகஸ்டு 15-ஐத் தம் தேசிய நாளாக்கினர். 1884-இல் மிஸ்கூஷ் நகரில் கூடிக் கொடியும் பண்ணும் கொண்டனர். 1994-இல் நியூ பிரன்ஸ்விக்கில் தொடங்கிய உலக அகேடியர் மாநாடு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடி வருகிறது. 1999-இல் அமெரிக்காவின் லூசியானாவிலும், 2024-இல் நோவா ஸ்கோஷியாவின் தென்மேற்கிலும் கூடியது. ஒரே குடும்பப் பெயர் கொண்டோர் எங்கெங்கிருந்தோ வந்து உறவு கொண்டாடுகின்றனர். தேசிய நாளில் தட்டையும் சட்டியையும் தட்டி, பேரொலி எழுப்பியவாறு தெருவில் ஊர்வலம் வருகின்றனர். அழிந்துவிடவில்லை நாங்கள் என்பதே அவ்வொலியின் பொருள். 2003-இல் கனடாவில் வெளியான அரச பிரகடனம், நாடுகடத்தலின் கொடுமையை ஒப்புக்கொண்டு, ஜூலை 28-ஐ நினைவு நாளாக அறிவித்தது.

இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆயினும், இவை மட்டும் போதுமா என்பதே நம் வினா.

லூசியானாவைப் பார்ப்போம். நாடுகடத்தப்பட்ட அகேடியரில் பலர் அங்குக் குடியேறினர்; அவர்தம் மரபினரே கேஜன் எனப்படுவோர். அம்மாநிலத்தின் 1921-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என விதித்தது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டனைக்கு ஆளாயினர். பிரெஞ்சு மொழியை வளர்க்க 1968-இல் மாநில அரசு ஒரு மன்றம் நிறுவியது. அதற்குள் ஒரு தலைமுறையின் நா மாறிவிட்டது. இன்று அங்கே கேஜன் இசை உண்டு, உணவு உண்டு, விழா உண்டு. இல்லத்தில் பிரெஞ்சு பேசுவோரோ மிகச் சிலர்.

நியூ பிரன்ஸ்விக்கின் நிலை வேறு. 1963-இல் மாங்டன் பல்கலைக்கழகம் தோன்றியது. 1969-இல் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சிமொழிகள் எனச் சட்டம் இயற்றப்பட்டது. 1979-இல் அகேடிய எழுத்தாளர் அந்தோனின் மையே பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். ஆயினும் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டோர் அங்கும் மக்கள்தொகையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரே. ஆங்கிலக் கடலின் ஓதம் நாளும் கரையை மோதுகின்றது.

'மொழியை இழந்தவன் எம் உறவினன் அல்லனா?' என்று லூசியானாக்காரர் வினவலாம். உறவினரே, ஐயமில்லை. இரண்டு தலைமுறைக்கு முன் பள்ளி பறித்த மொழிக்காகப் பேரனைப் பழிப்பது அறமாகாது. அவ்வாறே, மாங்டன் நகரில் வந்து குடியேறும் ஆப்பிரிக்கப் பிரெஞ்சு மொழியினரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழைய குடும்பப் பெயர் அவர்களுக்கு இல்லை, மொழி உண்டு. அவர்தம் மக்கள் பிரெஞ்சுப் பள்ளியில் சேரும்போது அப்பள்ளி வலுப்பெறுகிறது. பெயரை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், மொழியைக் காக்க வந்தவரே வாயிலில் நிற்க நேரும்.

எனவே, மாநாட்டின் வெற்றியை வந்தோர் தொகையால் அளத்தல் கூடாது என்பது நம் துணிபு. பந்தல் பிரித்த பின் அவ்வூரில் ஒரு பிரெஞ்சு வகுப்பு புதிதாய்த் தொடங்கிற்றா, ஒரு நூலகம் விரிந்ததா, விருந்தாய் வந்த இளைஞன் பாட்டனின் மொழியைக் கற்க வழி பிறந்ததா என வினவ வேண்டும். ஊர்வல ஒலி ஒரு மாலைப்பொழுதில் அடங்கிவிடும். அந்நாளில் தட்டைத் தட்டிய குழந்தை, மறுநாள் தன் அன்னையை எம்மொழியில் அழைக்கிறது என்பதிலேயே அவ்வினத்தின் எதிர்காலம் அடங்கியுள்ளது.