பாதுகாக்கப்பட்ட மரங்களும் எங்கள் வளவுகளும்: சங்கத்தின் நிலைப்பாடு

லண்டனிலும் அதன் புறநகரங்களிலும் வீடு வாங்கிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் சார்பில் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மரத்தைத் தறிக்கவோ, கொப்பு வெட்டவோ, வேரை அறுக்கவோ விரும்புகிறவர் எவராயினும் முதலில், சட்டம் கேட்கிறபடி, கவுன்சிலிடம் எழுத்தில் அனுமதி பெறவோ முன்கூட்டியே அறிவிக்கவோ வேண்டும். அதைச் செய்யாமல் வெட்டியவருக்காக எங்கள் சங்கம் எந்த இடத்திலும் வாதாடாது. அதேபோல், முறையாக விண்ணப்பித்த குடும்பத்துக்கு உரிய காலத்தில், காரணம் சொல்லிப் பதில் தருவது கவுன்சிலின் கடமை. இந்த இரண்டில் ஒன்றை விட்டு மற்றதை மட்டும் பேச எங்களுக்கு மனமில்லை.

“என் காசில் வாங்கிய காணி, என் வளவில் நிற்கிற மரம், யாரைக் கேட்க வேண்டும்?” என்ற கேள்வி எங்கள் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. ஆனால் சொந்த மரத்துக்கு அனுமதி கேட்பது எங்கள் ஊருக்கும் புதிதல்ல. இலங்கையில் பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தறிக்க 1951ஆம் ஆண்டின் சட்டமே தடை போட்டது. அங்கே சட்டத்தின் கண் சோற்றுப் பானையில் இருந்தது. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டமும் 2012ஆம் ஆண்டின் விதிகளும் பார்ப்பது வேறொன்றை: அந்த மரத்தால் தெருவுக்கும் அயலுக்கும் கிடைக்கும் பயனையும் அழகையும். மரம் உங்களுடையதுதான். அதன் நிழலிலும் தோற்றத்திலும் அயலவருக்கும் பங்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது. நாங்களும் அதை ஏற்கிறோம்.

எங்கள் உறுப்பினர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். இங்கே பாதுகாப்பு இரண்டு வகை. ஒன்று, குறிப்பிட்ட மரத்துக்கோ மரக் கூட்டத்துக்கோ கவுன்சில் போடும் மரப் பாதுகாப்பு ஆணை. டி.பி.ஓ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மற்றது, பழைமை கருதிப் பேணப்படும் கன்சர்வேஷன் ஏரியாவுக்குள் நிற்கும் மரங்களுக்குரியது. அங்கே தனி ஆணை இல்லாவிட்டாலும், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால், வெட்டுவதற்கு ஆறு வாரம் முன்பே கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். அந்த ஆறு வாரத்துக்குள் கவுன்சில் அந்த மரத்துக்கு ஆணை போடலாம். போடாவிட்டால் நீங்கள் அறிவித்த வேலையைச் செய்யலாம்.

டி.பி.ஓ. மரத்தில் அப்படியல்ல. அங்கே கவுன்சிலின் மௌனம் சம்மதம் ஆகாது. எட்டு வாரம் கடந்தும் பதில் வராவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது மேன்முறையீடு செய்யும் உரிமை. வாளை எடுக்கும் உரிமை அல்ல. கன்சர்வேஷன் ஏரியாவில் இருக்கும் நண்பர் ஆறு வாரம் பொறுத்துவிட்டு வெட்டினார் என்று கேள்விப்பட்டு, டி.பி.ஓ. மரத்தில் அதையே செய்தவர் குற்றவாளி ஆகிறார். நல்ல எண்ணத்தோடு காத்திருந்த குடும்பமும் இப்படி மாட்டிக்கொள்ளலாம் என்பதே எங்களை மிகவும் வருத்துகிறது.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. இதை எங்கள் மக்கள் பலர் அறியாமல் இருக்கிறார்கள். மரத்தின் உரிமையாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் இல்லை. அடுத்த வளவுக் கொப்பு உங்கள் கூரையில் உரசினால் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஆனால் “தேவையான அளவு வெட்டுதல்” என்று எழுதிக் கொடுத்தால் வேலைக்காகாது. எந்த மரம், எந்தப் பக்கம், எத்தனை மீட்டர், ஏன் என்பதைத் தெளிவாக எழுதி, வரைபடம் இணைக்க வேண்டும். சுவர் வெடிப்பு என்றால் பொறியியலாளர் அறிக்கையும், மரத்துக்கு நோய் என்றால் மர வல்லுநரின் அறிக்கையும் வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் 28 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். கிடைத்த அனுமதி, வேறு காலம் குறிக்கப்படாவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும்.

ஆபத்து என்ற சொல்லைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடனடி ஆபத்தான மரத்தில் அனுமதிக்குக் காத்திருக்காமல் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த ஆபத்தை நீக்கும் அளவுக்கு மட்டுமே. புயலில் ஒரு கொப்பு முறிந்து தொங்கினால் அந்தக் கொப்பை எடுக்கலாம். அதைச் சாட்டி மரத்தையே தறிக்க முடியாது. செத்த மரத்துக்கும் ஐந்து வேலை நாட்களுக்கு முன் அறிவித்தல் கொடுக்க வேண்டும். பிறகு கேள்வி எழுந்தால், மரம் ஆபத்தாக இருந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் வெட்டியவரே. 2025 ஏப்ரலில் என்ஃபீல்டின் வைட்வெப்ஸ் பூங்காவில் ஏறத்தாழ 500 ஆண்டு வயதுடையதாகக் கருதப்பட்ட ஓக் மரம் ஆபத்தானது என்று சொல்லப்பட்டு வெட்டப்பட்டது. நிலம் கவுன்சிலுடையது, கவுன்சிலோ மரம் நலமாக இருந்தது என்றது. அந்த மரத்துக்கு அப்போது பாதுகாப்பு ஆணைகூட இல்லை. வெட்டிய பிறகுதான் போடப்பட்டது. கதவைத் தட்டி, “இது விழப்போகிறது, இன்றைக்கே காசாகத் தந்தால் முடித்துத் தருகிறோம்” என்று சொல்லி வருகிறவர்களை நம்ப வேண்டாம் என்று எங்கள் மக்களை மன்றாடிக் கேட்கிறோம். சட்டத்தின் முன் வெட்டியவரோடு வெட்டச் சொன்னவரும் நிற்பார்.

பாதுகாக்கப்பட்ட மரத்தை அழித்தால் அபராதத்துக்கு இங்கிலாந்தில் இன்று உச்சவரம்பு இல்லை. மரம் போனதால் வீட்டின் பெறுமதி ஏறியிருந்தால் அதையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். பூல் நகரில், அயலில் நின்ற பாதுகாக்கப்பட்ட பைன் மரத்தைத் துளையிட்டுச் சாகடித்த ஒருவருக்கு 75,000 பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. அதனால் அவரது வீட்டுக்குக் கூடிய பெறுமதி என்று கணித்து இன்னும் 50,000 பவுணும் பறிக்கப்பட்டது.

மண் இறக்கம் பற்றி எங்கள் நிலை வேறு. லண்டனின் களிமண் கோடையில் சுருங்கும், மாரியில் ஊதும். ஓக், வில்லோ, பொப்லர் போன்ற மரங்கள் அந்த மண்ணிலிருந்து நிறைய நீரை உறிஞ்சும். 2018, 2022 போன்ற வறண்ட கோடைகளுக்குப் பிறகு சுவர் வெடித்த குடும்பங்களின் அச்சம் உண்மையானது. அஸ்திவாரத்தின் கீழ் வேர் இருப்பதும், அது எந்த மரத்தின் வேர் என்பதும், வெடிப்பு பருவத்தோடு விரிந்து சுருங்குவதும் அளந்து காட்டப்பட்டால், மரத்தைத் தறிக்க கவுன்சில் அனுமதிக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கிறோம். மரத்தை நேசிப்பவர்கள் என்பதற்காக ஒரு குடும்பத்தின் வீடு இடியட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆதாரம் இல்லாமல், காப்புறுதி நிறுவனத்தின் ஒரு கடிதத்தை மட்டும் காட்டி மரத்தை வீழ்த்துவதை எதிர்க்கிறோம். பெரிய மரத்தைத் திடீரென எடுத்தால் களிமண் நீரேறி உப்பி, வீட்டைத் தூக்கவும் கூடும்.

இலை பீலியை அடைக்கிறது, காரில் பறவை எச்சம் விழுகிறது, தமிழ்த் தொலைக்காட்சிக்கு வைத்த டிஷ்ஷை மறைக்கிறது என்ற காரணங்களை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். இவை தொல்லைகள்தான். பீலியைத் துப்புரவாக்கலாம், டிஷ்ஷை இடம் மாற்றலாம். எண்பது வயது மரத்தைத் திருப்பி வைக்க முடியாது. மரத்தின் தலையை மொட்டையடிக்கும் வேலையையும் எதிர்க்கிறோம். வெட்டுவாய் உக்கி, அதில் வெடிக்கும் புதுக் கொப்புகள் பலவீனமாக நீண்டு, சில ஆண்டுகளில் முன்னைவிடப் பெரிய தொல்லையாகும். வெளிச்சம் வேண்டும் என்பவர் உள்கொப்புகளை அளவாகக் கழிக்க விண்ணப்பிக்கட்டும். அனுமதி கையில் இருந்தாலும் பறவை கூடு கட்டியிருக்கும்போது அந்தக் கொப்பைத் தொடக்கூடாது. அது 1981ஆம் ஆண்டின் வனசீவராசிச் சட்டத்தில் தனிக் குற்றம்.

கவுன்சில்களிடம் கேட்பது: எட்டு வாரம் என்றால் எட்டு வாரத்தில் முடிவைத் தாருங்கள். மேசையிலிருந்து மறுக்காமல் மர அலுவலர் வந்து பார்க்கட்டும். மறுத்தால், எவ்வளவு வெட்டினால் ஏற்கப்படும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். எந்த மரத்துக்கு ஆணை உண்டு என்பதை யாரும் முகவரி இட்டுப் பார்க்கக்கூடிய வரைபடமாக வைத்திருங்கள். ஹரோ, பிரென்ட், ரெட்பிரிட்ஜ், நியூஹாம், மேர்ட்டன் போன்ற, தமிழர் செறிந்து வாழும் இடங்களில் இந்த விதிகளைத் தமிழிலும் வெளியிடுங்கள்; மொழிபெயர்த்துத் தர நாங்கள் ஆயத்தம். வீடு வாங்குவோரும் சொலிசிட்டர் எடுக்கும் லோக்கல் சேர்ச்சில் டி.பி.ஓ. பற்றி என்ன இருக்கிறது என்று சாவி வாங்கும் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். பின்பக்கம் குசினியை நீட்ட நினைப்பவருக்கு இது இரட்டிப்பு அவசியம்.

அனுமதியோடு ஒரு மரம் போனால் அதன் இடத்தில் இன்னொன்று வைக்கும் நிபந்தனையை முழுமனதோடு ஏற்கிறோம். சிறிய வளவுக்குப் பெரிய ஓக் கன்றைக் கட்டாயப்படுத்தாமல், இடத்துக்கு ஏற்ற இனத்தைக் குடும்பத்தோடு பேசி முடிவுசெய்ய வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

விண்ணப்பப் படிவம் நிரப்பவும், வரைபடம் கீறவும், மேன்முறையீட்டுக் கடிதம் எழுதவும் சங்கம் கட்டணமின்றி உதவும். ஆதரவுக் கடிதம் தருவதற்கு முன் எங்கள் உறுப்பினர் இருவர் மரத்தை நேரில் பார்ப்பார்கள். காரணம் போதாது என்று அவர்கள் கண்டால், கேட்பவர் சங்கத்தின் நிர்வாகியாக இருந்தாலும் கடிதம் தரப்படாது.