தடியெடுத்தவர்களின் கருத்துக்கேட்பு

அரசு ஒரு சட்டத்தையோ விதியையோ கொண்டுவரும் முன் மக்களிடம் கருத்துக் கேட்பது இன்று பெரும்பாலும் இணையம் வழியாகவே நடக்கிறது. இதைப் பற்றிப் படித்தவர்களிடமும் வேரூன்றிவிட்ட நம்பிக்கை ஒன்று உண்டு: யாரும் எதையும் எப்படியும் சொல்ல விட்டுவிட வேண்டும், விதி வகுத்தால் அது வாய்ப்பூட்டு, நடுவில் ஒருவர் அமர்ந்து மட்டுறுத்தினால் அது தணிக்கை. வந்து சேர்ந்தவற்றை எண்ணிப் பார்த்தால் மக்கள் மனம் தெரிந்துவிடும் என்பது இதே நம்பிக்கையின் மறுபாதி. இரண்டு பாதிகளும் தவறு. கேட்பவர் விதி வகுக்காமல் ஒதுங்கிக்கொண்டால் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. தடியெடுத்தவன் தண்டல்காரன் ஆகிறான். இணையத்தில் அந்தத் தடி பணமும் மென்பொருளும்.

அமெரிக்காவில் 2017இல் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. இணையச் சேவை நிறுவனங்கள் ஒரு தளத்துக்கு வேகமும் இன்னொன்றுக்கு முடக்கமும் தந்து பாகுபாடு காட்டக் கூடாது என்ற இணைய நடுநிலைமை விதிகளை நீக்க முன்மொழிந்து, அந்நாட்டின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் கருத்துக் கேட்டது. பெயரையும் முகவரியையும் தட்டச்சு செய்தால் போதும், கருத்து பதிவாகிவிடும். அப்படியொரு ஆள் உண்டா, எழுதியது அவர்தானா என்று உறுதி செய்த பிறகே ஏற்பது என்ற வழக்கம் இல்லை. குவிந்த கருத்துகள் 2.2 கோடிக்கும் மேல். நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் விசாரித்து 2021 மே மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, அவற்றில் ஏறத்தாழ 1.8 கோடி போலியானவை. பிராட்பேண்ட் நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்திய ரகசியப் பிரச்சாரத்தில் பிறந்தவை மட்டும் 85 லட்சத்துக்கு மேல். சம்பந்தப்பட்டவர்களுக்கே தெரியாமல் அவர்கள் பெயரில் பதிவானவை. எதிர்த்தரப்பும் யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. விதிகளைக் காக்கச் சொல்லிக் கல்லூரியில் படிக்கும் 19 வயது மாணவர் ஒருவர் தனி ஆளாக, தானியங்கி மென்பொருளின் துணையோடு 77 லட்சம் கருத்துகளை இல்லாத பெயர்களில் பதிந்திருந்தார். ஒரே நொடியில் 75,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து விழுந்த சந்தர்ப்பங்கள் ஒன்பது என்று பியூ ஆய்வு மையம் கண்டறிந்தது. நகலில்லாத, ஒரே ஒருமுறை மட்டும் வந்த கருத்துகள் மொத்தத்தில் 6 சதவீதம்தான்.

இங்கே யாரும் யாருடைய வாயையும் அடைக்கவில்லை. தணிக்கை என்ற சொல்லுக்கே இடமில்லாத அளவுக்குத் திறந்த ஏற்பாடு அது. ஆனாலும் உட்கார்ந்து யோசித்துச் சொந்தமாக நான்கு பத்தி எழுதியவரின் குரல் அந்தக் குவியலுக்கு அடியில் போனது. தன் பெயர் களவாடப்பட்டவரோ தான் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னவராகப் பதிவேட்டில் நின்றார். விதியின்மையால் பயனடைந்தவர்கள் கூலிக்குக் கருத்து தயாரித்தவர்கள் மட்டுமே.

எண்ணிக்கையே மக்கள் மனம் என்ற எண்ணத்தை இந்தியாவிலேயே ஓர் அமைப்பு நேருக்கு நேர் மறுத்திருக்கிறது. 2015 டிசம்பரில், இணையச் சேவைக்கு உள்ளடக்கத்தைப் பொறுத்து வெவ்வேறு கட்டணம் வசூலிக்கலாமா என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நான்கு கேள்விகளை முன்வைத்தது. ஃபேஸ்புக், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்துக்கு ஆதரவாக, பொத்தானை அழுத்தினால் போகும் வார்ப்புக் கடிதம் ஒன்றைத் தயாரித்துப் பயனர்களிடம் நீட்டியது. வந்த ஏறத்தாழ 24 லட்சம் பதில்களில் 18.9 லட்சம் இந்த வகை. திட்டம் வேண்டும் என்றுதான் அவை சொல்லினவே தவிர, கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லவில்லை. கருத்துக்கேட்பைத் திட்டமிட்டு நடத்தப்பட்ட கருத்துக்கணிப்பாகச் சுருக்குகிறீர்கள் என்று டிராய் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது. பிறகு திறந்த விவாதக் கூட்டம் நடத்தி, 2016 பிப்ரவரி 8 அன்று அத்தகைய பாகுபாட்டுக் கட்டணங்களைத் தடை செய்து, காரணங்களை விளக்கக் குறிப்பாக இணைத்து வெளியிட்டது. தலையை எண்ணியிருந்தால் முடிவு நேர்மாறாக இருந்திருக்கும். கேள்விக்குப் பதில் சொல்லாதது கணக்கில் வராது என்ற ஒற்றை விதி, 18.9 லட்சம் பொத்தான் அழுத்தல்களுக்கு எதிரே தாக்குப்பிடித்தது.

அதே டிராய் சில மாதங்களுக்கு முன் இன்னொரு விதியைக் கோட்டைவிட்டிருந்தது. 2015 ஏப்ரலில், இணைய நடுநிலைமைக்காக எழுதிய பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை அவர்கள் கடிதங்களோடு சேர்த்து அப்படியே வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை என்று அதற்குப் பெயர் சொல்லப்பட்டது. கருத்து பொதுச் சொத்து, முகவரி அப்படியல்ல என்ற எளிய வேறுபாட்டை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் இந்தக் கூத்து நேர்ந்திருக்காது. அடையாளத்தை உறுதி செய்வதும் அடையாளத்தை அம்பலப்படுத்துவதும் ஒன்றல்ல. முன்னதைச் செய்யாதது அமெரிக்க ஆணையம், பின்னதைச் செய்தது டிராய்.

விதி என்றதும் ‘எதைப் பேசக் கூடாது’ என்ற பட்டியல்தான் பலர் நினைவுக்கு வருகிறது. உண்மையில் ஒரு கருத்துக்கேட்பின் தலைவிதியை நிர்ணயிப்பவை அதைவிடச் சாதாரணமான விதிகள்: என்ன மொழியில், எத்தனை நாளில். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தது. அதுவும் நாடே ஊரடங்கில் முடங்கியிருந்த நேரத்தில். கருத்துச் சொல்ல யாருக்கும் தடையில்லை. ஆனால் அனல்மின் நிலையத்துக்கோ துறைமுக விரிவாக்கத்துக்கோ பக்கத்தில் குடியிருக்கும் எண்ணூர்க்காரர் தமிழில் அதை வாசிக்க முடியாது என்றால், அந்தத் தடையின்மையால் அவருக்கு என்ன பயன்? டெல்லி உயர் நீதிமன்றம் காலக்கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டி, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் மொழிபெயர்க்கவும் சொன்னது. கதவைத் திறப்பதற்கும் உள்ளே வர வழி செய்வதற்கும் இடையிலான தூரத்தை விதிகளே அடைக்கின்றன.

மட்டுறுத்தல் என்பது வசைச் சொற்களைப் பொறுக்கி நீக்கும் வேலை என்ற எண்ணமும் இதைப் போன்றதே. அது அந்த வேலையின் மிகச் சிறிய பகுதி. தைவானில் வி-தைவான் என்ற முயற்சி 2015இல் உபர் வாடகைக் கார்ச் சேவை பற்றிக் கருத்துத் திரட்டியபோது, பங்கேற்பவர்கள் சுருக்கமான ஒரு கூற்றை எழுதலாம். பிறர் கூற்றுக்கு உடன்பாடு, மறுப்பு, தெரியாது என்று தெரிவிக்கலாம். நேரடியாகப் பதில் எழுத மட்டும் வழியில்லை. சண்டை வளர்ப்பதற்கான வாய்ப்பையே வடிவமைப்பில் எடுத்துவிட்டார்கள். எந்தக் கருத்தும் தடுக்கப்படவில்லை. ஒருவர் நூறு முறை கத்துவதால் கிடைக்கும் ஆதாயம் மட்டுமே தடுக்கப்பட்டது. எதிரெதிர் அணிகளும் ஒப்புக்கொண்ட கூற்றுகள், பயணிகளுக்கான காப்பீடு போன்றவை, இரைச்சலுக்கு மேலே எழுந்து வந்தன. வார்ப்புக் கடிதங்களை ஒரே கட்டாகக் கட்டி இத்தனை பேர் ஒப்பமிட்டனர் என்று குறிப்பதும், தலைப்பை விட்டு விலகியதை உரிய இடத்துக்கு மாற்றுவதும், தனிமனிதரின் தொலைபேசி எண்ணை மறைப்பதும் மட்டுறுத்துநரின் அன்றாட வேலை.

மட்டுறுத்துநர் மீதான சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. ‘பொது நலனுக்குப் புறம்பானது’ என்ற வழுவழுப்பான சொற்றொடரை விதியாக எழுதிவிட்டால் பிடிக்காத எதையும் அதற்குள் திணிக்கலாம். திட்டத்தை முன்மொழிந்த துறையின் அதிகாரியே மட்டுறுத்துநராகவும் அமர்ந்தால் விமரிசனம்தான் முதலில் காணாமல் போகும். ஆனால் இவை விதியின்மைக்கான வாதங்கள் அல்ல. எழுத்தின் வடிவத்தையும் நடத்தையையும் மட்டும் தொடும் விதிகள், கருத்துக்கேட்பு தொடங்கும் முன்பே வெளியாவது; நீக்கிய ஒவ்வொன்றின் இடத்திலும் எந்த விதிப்படி நீக்கப்பட்டது என்ற குறிப்பு; நீக்கப்பட்டவர் முறையிட மட்டுறுத்துநருக்கு மேலே வேறொருவர்: தணிக்கைக்கு அஞ்சுபவர்கள் கோர வேண்டியது இவற்றைத்தான். எல்லாவற்றையும் மூடி வைப்பது மறுமுனை அபாயம். 2025 ஜனவரியில் வெளியான தனிநபர் தரவுப் பாதுகாப்பு வரைவு விதிகளுக்கு வரும் கருத்துகள் வெளியிடப்பட மாட்டா என்று மத்திய அரசு முன்கூட்டியே அறிவித்தது. யார் என்ன சொன்னார், அதில் எது ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது என்று மூலக் கருத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வெளியாருக்கு அங்கே வழியில்லாமல் போனது.

கடைசியாக வர வேண்டிய விதி, கேட்டவரையே கட்டுவது: முக்கியமான வாதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம் இதற்கு அடிப்படை. இணைய நடுநிலைமை விதிகளை நீக்கிய ஆணையத்தின் முடிவை 2019 அக்டோபரில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் பெருமளவு ஏற்றபோதும், தீயணைப்பு போன்ற பொதுப் பாதுகாப்புப் பணிகளுக்கு என்ன ஆகும் என்று கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டி உள்ளிட்டோர் எழுப்பிய கேள்விக்கு ஆணையம் முறையாக விடை தரவில்லை என்று அந்தப் பகுதியைத் திருப்பி அனுப்பியது. அங்கே கோடிக்கணக்கான நகல்களுக்கு எடை இல்லை. பதில் கிடைக்காத ஒரு வாதத்துக்கு இருந்தது. சட்டமியற்றலுக்கு முந்தைய கருத்துக்கேட்பு பற்றிய இந்தியாவின் 2014ஆம் ஆண்டுக் கொள்கையும் குறைந்தது 30 நாள் அவகாசம் தரவும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையத்தில் வெளியிடவும் சொல்கிறது. ஆனால் அது நிர்வாகக் கொள்கை மட்டுமே. அதை நாடாளுமன்றம் இன்னும் சட்டமாக்கவில்லை. ஆகவே எந்த அமைச்சகமும் அதைக் கடந்து போகலாம், அமைச்சகங்கள் பலமுறை போயும் இருக்கின்றன.